காட்டுல எது சான்ஸ், எது காரணம்? நியூட்ரல் தியரியை வெச்சு நீங்களே செக் பண்றது எப்படி

காட்டுல ஆய்வுக்காக அளந்து ஒதுக்கின ஒரு துண்டு நிலத்துல, அதாவது பிளாட்டுல, மரம் எண்ணி முடிச்ச உடனே எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான், இந்த மரம் ஏன் இவ்ளோ இருக்கு, அது ஏன் நாலே நாலு நிக்குது. உடனே மண்ணு, வெயிலு, தண்ணி, பூச்சின்னு காரணம் அடுக்க ஆரம்பிச்சிடுறோம். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்குங்க. எந்தக் காரணமும் இல்லாம வெறும் சான்ஸ்லயே இந்த வித்தியாசம் வந்திருக்குமான்னு பாக்கணும். அதைப் பாக்காம எழுதுற காரணம் எதையும் நான் நம்புறதில்ல.

இதுக்கான தியரிதான் நியூட்ரல் தியரி, அதாவது எந்த வகைக்கும் தனிச் சலுகை இல்லன்னு வெச்சுப் போடற கணக்கு. அதை முழுசா எழுதினவர் சூழலியல் ஆய்வாளர் ஸ்டீபன் ஹப்பெல், 2001ல புத்தகமா வந்துச்சு. அவர் வேலை பாத்த இடம் பனாமால இருக்கிற பாரோ கொலராடோ தீவு. பனாமா கால்வாய்க்காக அணை கட்டினப்போ தண்ணி ஏறி, ஒரு மலை உச்சி மட்டும் தீவா மிஞ்சுச்சு, அதுதான் இது. அங்க 50 ஹெக்டேர்ல 1 செ.மீ. தடிமனுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு தண்டுக்கும் நம்பர் போட்டு, 1980கள்லேர்ந்து திரும்பத் திரும்ப எண்ணிட்டு வர்றாங்க, 2 லட்சம் தண்டுக்கு மேல, சுமார் 300 வகை. இத்தனை வகைக்கும் தனித்தனியா ஒரு பிழைப்பு வழி இருக்குன்னு நம்பறதுக்குப் பதிலா அவர் நேர் எதிரா ஆரம்பிச்சாரு: எந்த வகையா இருந்தாலும் ஒவ்வொரு மரத்துக்கும் சாகற வாய்ப்பும் வாரிசு விடற வாய்ப்பும் ஒண்ணேதான், ஒண்ணு விழுந்தாதான் இன்னொண்ணுக்கு இடம்.

முதல்ல கையால செஞ்சு பாருங்க. நாலு கலர்ல, கலருக்கு 5 வீதம் 20 பாசிமணி எடுத்து ஒரு பையில போடுங்க. வீட்டுல இருக்கிற பருப்பு பயறை எடுத்துடாதீங்க, கொண்டைக்கடலையும் உளுந்தும் விரலுக்கே வித்தியாசம் தெரியும், பெருசுதான் அடிக்கடி கையில மாட்டும், அப்புறம் அது நியூட்ரலே இல்ல. எல்லா மணியும் ஒரே சைஸா இருக்கணும். இப்ப பாக்காம ஒரு மணியை எடுத்து வெளிய போடுங்க, அது சாவு. திரும்ப பாக்காம இன்னொண்ணை எடுத்து, அதே கலர்ல புதுசா ஒரு மணி சேத்து ரெண்டையும் உள்ள போடுங்க, அது பிறப்பு. 20 சாவுக்கு ஒரு தடவை கொட்டி எண்ணி எழுதிக்குங்க.

கொஞ்ச நேரத்துலயே ஒரு கலர் ஏறும், ஒண்ணு தேயும். விடாம பண்ணா பெரும்பாலும் சில நூறு சாவுக்குள்ள ஒரே கலர்தான் மிஞ்சும். திரும்ப முதல்லேர்ந்து பண்ணா ஜெயிக்கிற கலர் மாறிடும். ஒரு கலர் கடைசியா ஜெயிக்கிற வாய்ப்பு அது ஆரம்பத்துல எவ்ளோ பங்கு இருந்துச்சோ அவ்ளோதான், இங்க 4ல 1. இதைத்தான் டிரிஃப்ட்னு சொல்றாங்க. அடுத்து 10 சீட்டு எழுதி அதுல ஒண்ணுல மட்டும் "வெளியிலேர்ந்து"ன்னு போட்டுக்குங்க. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு சீட்டு எடுங்க, பாத்துட்டு திருப்பிப் போட்டுடுங்க, அந்தச் சீட்டு வந்தா பையில இருந்து எடுக்காம வெளிய நிறைய கலர் கலந்து வெச்சிருக்கிற பெரிய டப்பாவுலேர்ந்து ஒரு மணி போடுங்க. இப்ப அழிஞ்ச கலரும் திரும்பி வரும், ரெண்டு மூணு கலர் நிறைய, மிச்சமெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு நிக்கும், நிஜக் காடு மாதிரியே. பெரிய அளவுல பண்ணணும்னா ஆர்ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல யுஎன்டிபி (untb)ன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு.

இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. எந்தெந்த வகை எத்தனை மரம்னு வரைஞ்ச கர்வ் நியூட்ரல் கணக்கோட ஒத்துப்போச்சு, அதனால காடு நியூட்ரல்னு முடிவு கட்டிடாதீங்க, வேற வேற கணக்குலேர்ந்தும் அதே மாதிரி கர்வ் வரும். பாரோ கொலராடோ டேட்டாவுக்கே லாக்நார்மல்ங்கிற பழைய புள்ளியியல் கர்வ் நியூட்ரலை விட நல்லாவே பொருந்துதுன்னு 2003ல பிரையன் மெக்கில்ங்கிற சூழலியல் ஆய்வாளர் காட்டினாரு.

அதனால ஒரே ஒரு எண்ணிக்கையை வெச்சு எதுவும் சொல்லாதீங்க, ரெண்டு எண்ணிக்கைக்கு நடுவுல நடந்த மாற்றத்தைப் பாருங்க. கணக்கு ரொம்ப ஈஸி. ஒரு வகையில எத்தனை மரம் இருந்துச்சோ அதை, அந்த இடைவெளியில செத்த பங்கால பெருக்கி, 2ஆல பெருக்கி, ஸ்கொயர் ரூட் எடுங்க. சும்மா சான்ஸ்ல ஏறி இறங்கற அளவு தோராயமா அதுதான், அதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் போனாலும் சான்ஸ்னு சொல்லிடலாம். 1000 மரம், பிளாட்டுல நூத்துக்கு 10 செத்திருக்குன்னா 2×1000×0.1 = 200, ரூட் 14. அந்த வகை 1000லேர்ந்து 985 ஆனா அதுக்குக் கதை எழுதாதீங்க, 700 ஆனா கண்டிப்பா காரணம் தேடுங்க. 10 மரம்தான் இருந்துச்சுன்னா ரூட் 1.4, அது 8 ஆனாலும் 12 ஆனாலும் சான்ஸுக்குள்ளதான். அரிய வகை குறைஞ்சுதுன்னு சின்ன பிளாட்டை வெச்சு எழுதற ரிப்போர்ட் பாதி இந்த இடத்துலயே விழுந்துடும்.

நம்ம பக்கம் நல்ல உதாரணம் முதுமலை. அங்க 1988ல பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆய்வாளர் சுகுமாரோட டீம் 50 ஹெக்டேர் பிளாட் போட்டாங்க. ஆயிரக்கணக்குல இருந்த கைடியா கேலிசினாங்கிற மரம் மடமடன்னு சரிஞ்சுது, யானை அதைத் தேடித்தேடி ஒடிச்சுத் தின்னதுதான் முக்கியக் காரணம். ஒரு கலர்லயே ஆயிரக்கணக்குல மணி இருக்கிற பையில சும்மா சான்ஸ்ல அது அவ்ளோ வேகமா போகாது. பாரோ கொலராடோலயே 1983 எல் நினோ வறட்சிக்கப்புறம் ஈரம் தேடுற மரங்கள், குறிப்பா பவுல்சீனியா ஆர்மாட்டாங்கிற மரம், பயங்கரமா குறைஞ்சுது. வறட்சி எப்ப வரும்ங்கிறது தற்செயல்தான், ஆனா அது எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்கல, அதனால தற்செயல்னு வந்தாலே நியூட்ரல்னு எழுதிடக் கூடாது.

கணக்கு போடும்போது ரெண்டு விஷயம் பாத்துக்குங்க. ஒரே மாதிரி சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டி போடற கூட்டத்துக்குத்தான் இது, மரத்தோட மரம், பவளத்தோட பவளம், மானையும் புலியையும் சேத்துடாதீங்க. அப்புறம் கன்னு தனித்தனியா முளைக்கிறதா நினைச்சு போட்ட கணக்கு இது, ஒரு வகை ஒரு வருஷம் கொத்தா முளைச்சு மறு வருஷம் ஒண்ணுமே இல்லன்னா சான்ஸோட அளவு இன்னும் பெருசாகும். அப்ப செத்ததையும் புதுசா வந்ததையும் தனித்தனியா எண்ணி, சாவை மட்டும் வெச்சு மத்த வகைகளோட ஒப்பிட்டுப் பாருங்க.