ரஷ்ய சட்ட பேப்பர்ல "அவகாசம்" வந்தா இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்

ரஷ்ய கோர்ட் ஆர்டர், கான்ட்ராக்ட் எல்லாம் இங்கிலீஷுக்கு மாத்துறவங்க அதிகமா தடுமாறுற இடம் இதுதான். அத்ஸ்ரோச்கா, ரஸ்ரோச்கா, ப்ரஸ்ரோச்கா மூணும் ஸ்ரோக், அதாவது கெடுங்கிற ஒரே வேர்ல இருந்து வர்றதால அவசரத்துல மூணுக்கும் டிலேன்னு போட்டுடறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க. முதலாவது அனுமதியோட கெடுவை தள்ளி வைக்கிறது, ரெண்டாவது தவணையா பிரிச்சு கட்ட விடறது, அதுக்கு இன்ஸ்டால்மென்ட்னு வரணும், மூணாவதுதான் கெடு தாண்டிப்போன தப்பு. டிலேன்னு எழுதினா கோர்ட் அவகாசம் குடுத்த ஆளு பணம் கட்டாம ஏமாத்தின ஆளா தெரிவாரு, இது அவரோட கேஸையே பாதிக்கும்.

அத்ஸ்ரோச்கா வந்தா உடனே டிக்‌ஷனரிய திறக்காம அதுக்கு அடுத்து என்ன வார்த்தை நிக்குதுன்னு பாருங்க. வரின்னா டிஃபெரல், ராணுவத்துக்கு ஆள் எடுக்கறதுன்னா டிஃபர்மென்ட் (1998ல வந்த ராணுவக் கடமை சட்டத்தோட 24வது பிரிவு, 23வது பிரிவு முழு விலக்கு, அது எக்ஸெம்ப்ஷன், ரெண்டையும் கலக்காதீங்க), சப்ளை கான்ட்ராக்ட்ல பணம்னா டிஃபர்டு பேமென்ட்.

தண்டனைன்னு வந்தா மட்டும் ரொம்ப நிதானமா போங்க. குற்றவியல் சட்டம் 82வது பிரிவு, கர்ப்பிணிக்கும் 14 வயசுக்கு கீழ குழந்தை இருக்கற தாய்க்கும் தனியா வளர்க்கற அப்பாவுக்கும், சில கடுமையான குற்றங்கள் தவிர, தண்டனை அனுபவிக்கறத தள்ளி வைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் குடுக்குது, அதாவது தண்டனை ஏற்கனவே சொல்லியாச்சு. இத டிஃபர்டு சென்டென்ஸ்னு எழுதினா இங்கிலாந்து வக்கீல், ஜட்ஜ் இன்னும் தண்டனையே சொல்லலன்னு எடுத்துப்பாரு, ஏன்னா அங்க அப்படி தண்டனை சொல்றதையே கொஞ்ச காலம் தள்ளி வைக்கற தனி முறை இருக்கு. சஸ்பெண்டட் சென்டென்ஸும் கூடாது, அது தண்டனைய நிபந்தனையோட நிறுத்தி வைக்கறது, அதே சட்டத்தோட 73வது பிரிவுல வர்ற வேற ஏற்பாடு. டிஃபெரல் ஆஃப் சர்விங் தி சென்டென்ஸ்னு நீளமாவே எழுதுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல, சரியா இருக்கணும்.

கோர்ட் விசாரணை பத்தின வார்த்தைகள் வேற கூட்டம். அத்லஜேனியே நம்ம ஊர் வாய்தா, அதுக்கு அட்ஜர்ன்மென்ட், படிக்கறவர் அமெரிக்கர்னா கன்டினியூவன்ஸ். பெரெரீவ் சின்ன இடைவேளை, ரீசெஸ் போதும். ப்ரியஸ்தனவ்லேனியே வந்தா கேஸே நிறுத்தி வைக்கப்படுது, இன்னொரு கேஸ் முடியற வரைக்கும்ங்கற மாதிரி, அதுக்கு ஸ்டே.

இன்னொரு ஜோடி, ப்ரத்லேனியே கோர்ட் வச்ச கெடுவை நீட்டறது, எக்ஸ்டென்ஷன். வஸ்தனவ்லேனியே சட்டம் வச்ச கெடு தவறினதுக்கு நியாயமான காரணம் காட்டி திரும்ப வாங்கறது, இதுக்கு எக்ஸ்டென்ஷன்னு எழுதினா கெடு முடிஞ்சே போச்சுங்கற விஷயமே மறைஞ்சுடும், அதனால ரெஸ்டோரேஷன் ஆஃப் தி மிஸ்டு டைம் லிமிட்.

அவகாசத்தோட வர்ற வினைச்சொல் ப்ரெதஸ்தாவித்னு (குடுக்கறது) இருந்தா ப்ரொவைட் வேணாம், கிராண்ட். ரஷ்யன்ல பிரிவு எண் இருந்தா அந்த சட்டத்த திறந்து பாத்துட்டு எழுதுங்க, எண்ண மாத்தாம அப்படியே விடுங்க.