மைலோமா நோயாளிக்கு முழு உடல் லோ-டோஸ் சிடி எடுப்பது எப்படி?

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு முதுகு வலித்தால் குனிந்து நிமிர்கிற வேலை என்று வீட்டிலேயே தைலம் தேய்த்து விடுவார்கள். மாதங்கள் கழித்து ரத்தசோகையும், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்றமும் தெரிந்து, மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோ என்ற சந்தேகத்தோடு களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு ஒரு சீட்டோடு வருவார். அந்தச் சீட்டில் ‘ஸ்கெலிட்டல் சர்வே’ (உடல் எலும்புகளை எக்ஸ்ரேயில் எடுப்பது) என்று எழுதியிருந்தால், எக்ஸ்ரே எடுக்கும் முன் எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். எலும்பு 30 சதவீதத்துக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். சர்வதேச மைலோமா பணிக்குழு 2019-இல் கொடுத்த பரிந்துரையில் முதலில் எடுக்கச் சொல்வது முழு உடல் லோ-டோஸ் சிடியை, அதாவது குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி ஸ்கேனைத்தான்.

கான்ட்ராஸ்ட் (ஊசியில் ஏற்றும் சாய மருந்து) வேண்டாம். எலும்பைப் பார்க்க அது தேவையில்லை. மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கலாம். வலி தாங்காமல் படுக்க முடியாதவருக்கு டாக்டர் எழுதிய வலி மாத்திரையை முக்கால் மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் கூடாது. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடை மாற்றும்போது ஹேர்பின், ஹூக் எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். வெள்ளி அரைஞாண் கொடியை மட்டும் கேட்க மறப்பார்கள். அது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நேராகவே கிடக்கும். அதன் கோடுகள் பரவினால் அந்த இடத்தில் 5 மில்லிமீட்டர் ஓட்டையைத் தேடுவது வீண் வேலை. தாயத்தும் அப்படித்தான். அறுக்க மனமில்லை என்றால் தளர்த்தி முழங்காலுக்குக் கீழே இறக்கிவிடலாம்.

டேபிளில் ஏற்றும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விரிப்போடு சேர்த்து, உடலை ஒரே கட்டையாக உருட்டி ஏற்றுங்கள். நொறுங்கக் காத்திருக்கும் முள்ளெலும்பு இருக்கலாம். கைகள்தான் இந்த ஸ்கேனில் அதிகம் கெடுக்கிறவை. விலாவோடு ஒட்டி வைத்தால் கை எலும்பின் நிழல் முதுகெலும்பின் மேல் பட்டை பட்டையாக விழும். வயிற்றின் மேல் ஒரு தலையணை, அதன் மேல் இரு கைகளும், மெதுவாக ஒரு பட்டை. முழங்கை மெஷின் படமெடுக்கும் 50 சென்டிமீட்டர் வட்டத்துக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். போனால் அங்கே படமே இருக்காது.

உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரை எடுக்க வேண்டும், ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 120 கேவி, கதிரின் அளவு 50 முதல் 70 எம்ஏஎஸ். பருமனானவருக்கு 140 கேவி. படத்தின் இரைச்சலைக் குறைக்கும் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தால் போடுங்கள். கதிர்வீச்சு டோஸ் பொதுவாக 3 முதல் 6 மில்லிசீவர்ட்டுக்குள் நிற்கும். விலா எலும்பு கடக்கும்போது மூச்சை அடக்கினால் நல்லது. மெஷினில் பதிந்த ஆங்கிலக் குரல் எல்லையோரக் கிராமத்துப் பெரியவருக்குப் புரியாது. மைக்கில் நீங்களே ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றும், மலையாளிக்கு ‘ஸ்வாசம் எடுத்து பிடிச்சு நிறுத்தூ’ என்றும் சொல்லுங்கள். அடக்க முடியாதவர் மெல்ல மூச்சுவிட்டால் போதும்.

ஸ்லைஸ் 1 மில்லிமீட்டரில், எலும்பைக் கூர்மையாகக் காட்டும் போன் கர்னலில் ஒரு சீரிஸ், மென்மையான திசுவைக் காட்டும் சாஃப்ட் கர்னலில் ஒரு சீரிஸ். இரண்டாவது எதற்கு என்று கேட்பவர்கள் தொடை எலும்பைப் பார்க்கட்டும். வயதானவரின் தொடை எலும்புக்குள் கொழுப்பு மஜ்ஜை கறுப்பாக, எச்யூ (சிடியில் அடர்த்தியைக் காட்டும் எண்) மைனஸில் இருக்கும். அதற்குள் சாம்பல் நிறத் திட்டு ஒன்று பிளஸ் எண்ணோடு உட்கார்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும், ஓட்டை விழாவிட்டாலும். இருபக்கமும் ஒரே சீராகச் சாம்பலாகியிருந்தால் ரத்தசோகையோ, வெள்ளணுவை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியோ காரணமாக இருக்கலாம். கால்சியத்தைக் கழித்து மஜ்ஜையைக் காட்டும் டூயல் எனர்ஜி வசதி இருந்தால் இங்கேதான் அது உதவும். எலும்பின் ஓரத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் அந்த நிறப்படத்தை நம்ப வேண்டாம்.

அதே பணிக்குழுவின் 2014 வரையறைப்படி 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஓட்டைதான் கணக்கு. மண்டையோட்டில் ரத்தக்குழாய்ப் பள்ளத்தையும், முதுகெலும்பில் ஹீமாஞ்சியோமா என்ற கெடுதலில்லாத ரத்தக்குழாய்க் கட்டியையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பின் வருபவரின் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும்; நோய் அடங்கினாலும் பெரும்பாலும் மூடாது. புதிதாக வந்ததா, பழையது பெருத்ததா என்பதே கேள்வி. அதனால் பழைய படம் இல்லாமல் ரிப்போர்ட்டுக்கு அனுப்பாதீர்கள்.

முதுகுத்தண்டுக் குழாய்க்குள் சதை புகுந்திருந்தாலோ, தொடை எலும்பின் ஓடு பாதிக்கு மேல் அரித்திருந்தாலோ அவரை டேபிளிலிருந்து இறங்கி நடக்க விடாதீர்கள். ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் நின்றுவிட்டதா என்று அப்போதே கேளுங்கள். ஆம் என்றால் அன்றே எம்ஆர்ஐ.

கடைசியில் படத்தைக் கொடுக்கும் இடத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. திருவனந்தபுரம் ஆர்சிசிக்கோ (மண்டலப் புற்றுநோய் மையம்) வேறு எங்கோ எடுத்துப்போகிறவருக்கு ஃபிலிம் ஷீட் பயன்படாது. 1 மில்லிமீட்டரில் 1500 படம், ஒன்று அரை எம்பி, ஒரு சீரிஸே 750 எம்பி. சிடி (CD) தட்டில் அடங்காது. அடங்கவில்லை என்று மெல்லிய சீரிஸை விட்டுவிட்டு 5 மில்லிமீட்டர் படத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அங்கே அந்தச் சின்ன ஓட்டை தெரியாமல் மறுபடி ஸ்கேன் எழுதுவார்கள். இரண்டு கர்னலையும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான ஃபைல் வடிவம்) ஆகவே டிவிடியிலோ பென் டிரைவிலோ போட்டு, அவர் கிளம்பும் முன் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுங்கள்.