மழலையர் வகுப்பில் ஒரே ஒரு டேப்லெட்டை வைத்து என்னென்ன செய்யலாம்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் தேவையில்லை. நான்கு பேருக்கு ஒன்று போதும். ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தால்தான் "எனக்கும் காட்டு", "அது அப்படியில்லை" என்று பேச்சு கிளம்பும். பாட்டு வீடியோ போட்டுவிடுவது எளிது, பலன் குறைவு. டேப்லெட்டில் உருப்படியான கருவிகள் கேமராவும் ஒலிப்பதிவும்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது. அதில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, வகுப்பில் ஒரு குழுவுக்கு 10 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

கொடுப்பதற்கு முன்

விமானப் பயன்முறையைப் போடுங்கள். அறிவிப்புகள் பாதியில் வந்து குறுக்கிடாது. பிறகு ஒரே ஆப்பில் பூட்டுங்கள். ஐபேடில் இதற்கு 'கைடட் ஆக்சஸ்' இருக்கிறது: அமைப்புகளில் ஒருமுறை இயக்கிவிட்டால், ஹோம் பட்டனை (அது இல்லாத மாடலில் மேல் பட்டனை) மூன்று முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'ஆப் பின்னிங்' என்று இருக்கும். வெளியேறும்போது பின் நம்பர் கேட்கும்படி அதில் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நான்கு வயதுப் பிள்ளை ஒரே நாளில் வழி கண்டுபிடித்துவிடும்.

"தொட்டாலும் வேலை செய்யவில்லை" என்று பிள்ளை சொன்னால், மற்றக் கையின் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். தடித்த ரப்பர் உறை போட்டு, மேசையில் சற்றே சாய்த்து வைத்தால் சரியாகிவிடும்.

கேமரா

"வட்டமாக இருப்பதைத் தேடி மூன்று படம் எடுத்து வா" என்று வேலை கொடுங்கள். எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் ஒரே நாற்காலிக் காலை அறுபது படம் எடுத்து வருவார்கள். ஒரு கையால் பிடித்து மறு கையால் பட்டனைக் குத்தும்போது கருவி ஆடிவிடுவதால் படம் மங்கும். இரு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒலி கூட்டும் பட்டனால் எடுக்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் அதுவே படமெடுக்கும்.

எடுத்ததைக் குழுவாகப் பார்ப்பதுதான் பாடம். "இது என்ன?" என்றால் ஒரு சொல்லோடு நின்றுவிடும். "இதை எங்கே நின்று எடுத்தாய், பக்கத்தில் என்ன இருந்தது?" என்றால் வாக்கியம் வரும்.

பயறு முளைப்பதைப் படமெடுப்பதாக இருந்தால், டேப்லெட் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டிக் குறித்து, தினமும் அங்கிருந்தே எடுங்கள். தூரம் மாறினால் செடி ஒரு நாள் சிறுத்துப்போனதாகத் தெரியும், பிள்ளைகள் அதை நம்பியும் விடுவார்கள். பின்னால் நான்கு படங்களை அச்சிட்டு, எது முதலில் என்று அடுக்கச் சொல்லலாம்.

குரல்

பிள்ளை வரைந்த படத்தைப் பற்றி ஒரு நிமிடத்துக்குள் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் டேப்லெட்டை வையுங்கள். உடனே போட்டுக் காட்டி, "இன்னும் ஏதாவது சேர்க்கணுமா?" என்று மட்டும் கேளுங்கள். உச்சரிப்பைத் திருத்தப் போனால் அடுத்த தடவை பிள்ளை வாயைத் திறக்காது.

எழுத்து ஆப்கள் சிலவற்றில் இயந்திரக் குரல் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிடும். எ–ஏ, ஒ–ஓ வித்தியாசமும் போய்விடும். நிறுவும் முன் இந்த ஏழு எழுத்தையும் கேட்டுப் பாருங்கள். சரியில்லையென்றால் எழுத்துக்கு இரண்டு சொல் வீதம் ஆசிரியரே பதிவு செய்துகொள்வது மேல். இன்னொன்றையும் சோதியுங்கள்: வேண்டுமென்றே தப்பான விடையைத் தொடுங்கள். தப்புக்கு வரும் சத்தம் வேடிக்கையாக இருந்தால், பிள்ளைகள் அதற்காகவே தப்பாகத் தொடுவார்கள்.

திரையில்லாத கருவி

பீ-பாட் போன்ற தரை ரோபோ கிடைத்தால் டேப்லெட்டை அலமாரியில் வைத்துவிடலாம். அம்புக்குறிப் பட்டன்களை வரிசையாக அழுத்திவிட்டு 'கோ' கொடுத்தால் அது நகரும். முன்னே போகும் அம்பை ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. போகும் என்பதால் தரையில் 15 செ.மீ. சதுரக் கட்டங்கள் போடுங்கள். இரண்டு இடத்தில் சிக்கல் வரும். பழைய கட்டளைகளை அழிக்காமல் புதிதாக அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு முறையும் முதலில் அழிக்கும் பட்டன். அடுத்தது, திரும்பும் அம்பு நின்ற இடத்திலேயே 90 பாகை திருப்பும், பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது. இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு பிள்ளையை ரோபோவாக நிற்கவைத்து, மற்றவர்கள் "திரும்பு", "ஒரு அடி போ" என்று கட்டளையிட்டால் பிடிபட்டுவிடும்.

படங்களும் நிறுத்துவதும்

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் முகம் வரும் படம் எடுக்க வேண்டாம். கையும் வேலையும் தெரிந்தால் போதும். படங்கள் இணையத்துக்குத் தானாக ஏறும் வசதியையும், கேமராவில் இடத்தைக் குறிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

வாங்கி வைக்கும்போது அழுகை வருவது சகஜம். "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது இந்த வயதுக்குப் பிடிபடாத அளவு. "இன்னும் இரண்டு படம், பிறகு அடுத்தவருக்கு" என்று சொல்லி, இரண்டாவது படம் எடுத்ததும் பிள்ளையையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.