கை தட்டிப் பார்த்தால் போதாது: குழந்தை ஒலிக்குத் திரும்புகிறதா என்று சோதிக்கும் முறை

"கை தட்டினோம், திரும்பிப் பார்த்தான், காது நல்லாத்தான் கேட்குது" என்று பல வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கைத்தட்டல் உரத்த ஒலி. ஓரளவு கேட்புக் குறை உள்ள குழந்தைக்கும் அது எட்டிவிடும். கையின் அசைவு கண்ணோரத்தில் தெரிந்தாலும் குழந்தை திரும்பும்.

வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முந்தி எட்டுகிறது. பெரியவர்களுக்கே இந்த முந்தல் அதிகபட்சம் சுமார் 0.7 மில்லிசெகண்ட்தான், குழந்தையின் சின்னத் தலைக்கு இன்னும் குறைவு. கீச்சென்ற ஒலியைத் தலையே மறைப்பதால், மறுகாதில் அதன் சத்தமும் குறையும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் மூளைத்தண்டு ஒப்பிட்டுத் திசையைக் கணிக்கிறது. நடுமூளையில் உள்ள சுப்பீரியர் கோலிகுலஸ் அந்தத் திசையைப் பார்வையின் வரைபடத்தோடு பொருத்தி, கண்ணையும் கழுத்தையும் திருப்ப வைக்கிறது. ஆகவே சரியாகத் திரும்ப இரண்டு காதும் வேண்டும்.

பிறந்த குழந்தையும் தொடர்ந்து ஒலிக்கும் கிலுகிலுப்பை பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பும். 2, 3 மாதத்தில் இது மங்கி, 4, 5 மாதத்தில் வேகமாகவும் தெளிவாகவும் திரும்ப வரும். இடையில் திரும்பவில்லை என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வீட்டுச் சோதனைக்கு ஏற்ற வயது 6 முதல் 9 மாதம்: கழுத்து நின்றிருக்கும், பிடித்தால் உட்காரும்.

மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பசியோ தூக்கமோ இல்லாத நேரமாகப் பார்த்து, குழந்தையை அம்மா மடியில் முன்பக்கம் பார்த்தபடி, இடுப்பில் பிடித்து உட்கார வையுங்கள். ஒருவர் எதிரே அமர்ந்து சின்ன பொம்மையைக் காட்டி, கவனம் வந்ததும் அதைக் கையால் மூடிவிட வேண்டும். பொம்மையிலேயே லயித்துப்போன குழந்தை எந்த ஒலிக்கும் திரும்பாது.

அந்த நொடியில் பின்னால் இருக்கும் இன்னொருவர் ஒலி எழுப்ப வேண்டும். அவர் நிற்கும் இடம்தான் முக்கியம்: காதிலிருந்து 1 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் சற்றுப் பின்னால், காது மட்டத்தில். தாழ்ந்த சுருதி ஒலிக்கு "ம்ம்ம்" என்று மெல்ல முனகலாம். கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிக்குக் குரலே சேராமல் "ஸ்... ஸ்... ஸ்". இரண்டுமே மெல்லிய சத்தத்தில்தான். 5 முதல் 10 வினாடி வரை பொறுங்கள். வலம், இடம் என்று மாறி மாறிச் செய்தால் குழந்தை முறையைப் பிடித்துக்கொள்ளும், ஒழுங்கில்லாமல் மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று தடவையில் இரண்டு தடவையாவது ஒலி வந்த பக்கம் முழுசாகத் திரும்ப வேண்டும். கண் சிமிட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நடுநடுவே அதே இடத்துக்குப் போய், ஒலி எழுப்பாமல் நில்லுங்கள். அப்போதும் திரும்பினால், குழந்தை வேறு எதையோ வைத்துக் கண்டுபிடிக்கிறது: டியூப்லைட் நிழல், வளையல், தலையில் வைத்த மல்லிகைப்பூ, எதிரே இருப்பவரின் பார்வை போன பக்கம், மடியில் வைத்திருக்கும் அம்மாவின் உடல் இறுகுவது. அதைச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

எந்தப் பக்கம் ஒலித்தாலும் ஒரே பக்கம் திரும்பினால், மறுகாது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். "ம்ம்"முக்குத் திரும்பி "ஸ்"ஸுக்குத் திரும்பாவிட்டால், உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்பதில் குறை இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தக் குழந்தை திரும்பிவிடும். அதனாலேயே வீட்டில் பல மாதம் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவார்கள். சளி இருந்தால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். சளி விட்டதும் ஒரு தடவை மீண்டும் பாருங்கள். அப்போதும் திரும்பாவிட்டால், எந்த ஒலி, எந்தப் பக்கம், எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஓஏஇ (உள்காது திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது), பெரா (ஒலிக்கு மூளைத்தண்டில் எழும் மின்சைகையை அளப்பது) சோதனைகளைக் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் இருக்கும் குழந்தை என்றால், வீட்டில் நன்றாகத் திரும்பினாலும் அந்தச் சோதனைகளைச் செய்தே ஆக வேண்டும்.