வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் போன மாதம் மெதுவாக ஓடும் பழைய லேப்டாப்பையும் புது ரேமையும் (தற்காலிக நினைவகம்) தூக்கிக்கொண்டு வந்தான். "எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன் அண்ணா. சரியாகத்தான் உட்கார்கிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை" என்றான்.

முன்பிருந்த ரேமின் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். அதில் பிசி3எல் என்றிருந்தது, புதியதில் வெறும் பிசி3. இரண்டும் டிடிஆர்3 தலைமுறை ரேம்தான். இரண்டிலும் 204 முனைகள், வெட்டுப்பள்ளமும் ஒரே இடத்தில். ஆனால் எல் போட்டது 1.35 வோல்ட்டில் ஓடும், மற்றதற்கு 1.5 வோல்ட் வேண்டும். அவனுடைய லேப்டாப் குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே கொடுக்கும். டிடிஆர்3 இடத்தில் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 நுழையாது. பள்ளம் இடம் மாறியிருப்பதால் கையே சொல்லிவிடும். இந்த மின்னழுத்தப் பிழையைக் கை சொல்லாது, ஸ்டிக்கர்தான் சொல்லும். கடைக்குக் கிளம்பும்போது அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. பழைய ரேமைப் போட்டு, எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். நினைவகத்தில் பாதிகூட நிரம்பவில்லை. ஹார்ட் டிஸ்க்தான் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது ரேமே இல்லை, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி. நோய் தெரியாமல் மருந்து வாங்கும் இந்தப் பழக்கத்தில் எத்தனை மாணவர்களின் பணம் போகிறது என்று பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறுகிறது.

எஸ்எஸ்டி வாங்கும்போதும் கவனம் வேண்டும். சிறு அட்டை போல இருக்கும் எம்.2 வகையில் 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது. தரவை அனுப்பும் முறை சாட்டாவா, என்விஎம்இயா என்பதையும் மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். ஒன்றுக்கு மட்டுமான இடத்தில் மற்றதைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவில் போட்டு வைப்பது நகலே ஆகாது. நகலில் நான்கைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். குளோன் செய்யும்போது, அதாவது ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது, எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் பெயரையும் கொள்ளளவையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். திசை மாறினால் காலியான புது டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அப்படிப் போன வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மௌனம் இன்றும் மறக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. விசிறித் தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைசியாக, ஸ்குரூக்கள். எல்லாம் ஒரே நீளம் என்று நினைக்காதீர்கள். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் கைவைக்கும் பகுதியில் மேடு கிளம்பும். அந்த மாணவன் ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டினான். எஸ்எஸ்டியைப் பொருத்தி மூடிய பிறகு தாளில் ஒன்று மிஞ்சியிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே மறுபடி கழற்ற ஆரம்பித்துவிட்டான்.