ரேஸைக் குறைத்தால் ஜெட் போட் திரும்பாது

கடலூர் ஓ.டி.யில் (முதுநகரில்) ஃபைபர் போட் ஓட்டி வளர்ந்தவன் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனால், என்றைக்காவது ஒருத்தர் சால்மன் பிடிக்க ஜெட் போட்டில் கூப்பிடுவார். "நம்ம ஆத்துல ஓட்டாததா" என்று நானும் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். உப்பனாற்றில் கற்ற நல்ல பழக்கங்களே ரக்காயா ஆற்றில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தன.

சால்மன் என்றதும் நம்மூரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிற காலாவை நினைக்க வேண்டாம். அது வேறு குடும்பம். அங்கே ஆறேறி வருவதைக் குவினாட் என்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்.

முதல் தவறு, பயந்ததும் ரேஸை, அதாவது எஞ்சினுக்குக் கொடுக்கும் வேகத்தை, குறைப்பது. எதிரே கட்டை தெரிந்தால் நம் கை தானாக அதைத்தான் செய்யும். நம் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் ரேஸைக் குறைத்தாலும் தண்ணீருக்குள் நிற்கும் எஞ்சின் கால் கொஞ்சம் சுக்கான் வேலை பார்க்கும். ஜெட் போட்டுக்கு சுக்கானே கிடையாது. அடியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரைப் பின்னால் பீய்ச்சுகிறது. பீய்ச்சும் திசையை மாற்றித்தான் திரும்புகிறது. பீய்ச்சல் நின்றால் ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு போன திசையிலேயே, அந்தக் கட்டையை நோக்கியே போகும். தப்ப வேண்டுமானால் ரேஸை விடாமல் திருப்ப வேண்டும். அகலமான, ஆழமான மடுவில் வேண்டுமென்றே ரேஸை விட்டு, படகு எவ்வளவு தூரம் சும்மா சறுக்குகிறது என்று பத்துத் தடவையாவது பார்த்துவிடுங்கள். வாயால் சொன்னால் கைக்கு ஏறாது.

இரண்டாவது தவறும் இதற்கு உறவுக்காரன்தான்: ஆழம் குறைந்தால் மெதுவாகப் போவது. மணல் திட்டில் நாம் அப்படித்தானே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஊர்வோம்? ஜெட் போட் வேகத்தில் எழும்பி ஓடும்போது ஒரு சாண் தண்ணீர் போதும். வேகம் குறைந்தால் அமிழும். தண்ணீரை உறிஞ்சும் அடி வாய் கூழாங்கல்லை உறிஞ்சிக்கொள்ளும். நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன் 1950களில் இந்தப் படகை உருவாக்கியதே புரொப்பல்லர் தாங்காத அந்தக் கல் ஆறுகளுக்காகத்தான். ஆகவே ஆழமான இடத்திலேயே நின்று பார்த்து முடிவெடுங்கள்: போனால் வேகத்தோடு போக வேண்டும், சந்தேகமிருந்தால் போகவே கூடாது. கல் அடைத்தால் எஞ்சினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

தண்ணீரைப் படிக்கத் தெரியாமல் இறங்குவது இன்னொன்று. ரக்காயா பல கிளைகளாகப் பின்னிப் பிரிந்து ஓடும். 'வி' எழுத்துபோல் அலை தெரிந்து, அதன் முனை மேலாற்றைப் பார்த்தால் அங்கே கல் ஒளிந்திருக்கிறது. முனை கீழாற்றைப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே வழி. போன வாரத்து வழியை நம்பாதீர்கள். ஒரு வெள்ளம் வந்தால் மாறிவிடும். முகத்துவாரத்தில் மணல் தூர்வதைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஓட்டத்தில் நிறுத்தி மீன் பிடிக்கும்போது நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டாதீர்கள். ஆறு பின்தலையை அமுக்கித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். முன்பக்கம், அணியத்தில்தான் கட்ட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நாம் மோசம். கடலிலேயே நீந்தியவன் என்கிற மிதப்பு. பனிமலைத் தண்ணீரில் விழுந்த முதல் நிமிஷம் நீச்சலே ஞாபகம் வராது, மூச்சு தானாக இழுக்கும்; அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கத்தான் ஜாக்கெட். எஞ்சினை அணைக்கும் கயிற்றையும் உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் இன்னொரு சிக்கல். முகத்துவாரத்தில் அலை எழும்பியபோது என் கை ரேஸைக் கூட்டியது. படகு அலைமேல் ஏறித் தொப்பென்று விழுந்து, ஐஸ் பெட்டி கவிழ்ந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை வாங்கிக்கொண்டு, "நீ அணியத்துல போய் உக்காரு தம்பி" என்றார்.