ஷின் ஸ்பிளிண்ட்: வலி நின்றதும் ஓடக் கிளம்பாதீர்கள்

ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, கணைக்கால் எலும்பின் உட்பக்க ஓரமாக ஒரு வலி கிளம்பும். முதல் சில நிமிடம் வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கிவிடும், ஓடி முடித்து உட்கார்ந்தால் திரும்ப வரும். இதுதான் ஷின் ஸ்பிளிண்ட். புதிதாக ஓடுகிறவர்கள், ராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், நடனம் ஆடுகிறவர்கள் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுகிற பிரச்சினைதான். அதை ஆற விடாமல் நாமே கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்று: இதைத் தசைவலி என்று நினைப்பது. "நாலு நாள் ஓடினால் பழகிவிடும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. இங்கே அடி வாங்குவது எலும்பும் அதன் மேல் ஒட்டியிருக்கும் உறையும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கணைக்கால் எலும்பு கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. அந்தச் சுமைக்கு ஏற்றபடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும்; பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பது வேகமாக நடக்கும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போது தூரத்தையும் வேகத்தையும் ஒரேயடியாகக் கூட்டினால் என்ன ஆகும்? வலிக்கிற இடத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் இதனால்தான் வேண்டாம். ஏற்கெனவே நொந்திருக்கும் எலும்பை மேலும் நோகடிப்பதுதான் மிச்சம்.

அடுத்தது, இதைவிட ஆபத்தான தவறு. எலும்பில் விரிசல் விழுந்திருப்பதையும் ஷின் ஸ்பிளிண்ட் என்று எண்ணி ஓடிக்கொண்டே இருப்பது. உட்கார்ந்து, கட்டைவிரலால் எலும்பின் உள்ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி விரல் விரலாக அழுத்திப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவிய வலி என்றால் ஷின் ஸ்பிளிண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு புள்ளியில் விரல் பட்டதும் சுரீர் என்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், சும்மா நடந்தாலே வலித்தால், எலும்பின் முன்விளிம்பில் நடுவே வலி என்றால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே நார்மல்" என்று கேட்டதும் மறுநாளே ஓடக் கிளம்பாதீர்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ஓடும்போது கால் இறுகிப் பாதம் மரத்துப்போனால் அது வேறு கோளாறு, அதையும் காட்ட வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிட்டது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது மாதவிலக்கும் தடுமாறும், எலும்பும் அடிவாங்கும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்யாதீர்கள். ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், எலும்பைக் கட்டாது. ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் புது ஷூ மட்டும் இதைக் குணமாக்கிவிடாது.

சிலர் பயந்துபோய்க் கட்டிலோடு கிடப்பார்கள். அதுவும் வேண்டாம். வலி வராத மட்டும் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். கெண்டைக்கால் தசையை வலுப்படுத்த இதுதான் நல்ல நேரம். சுவரைத் தொட்டபடி நின்று, முழங்காலைச் சற்று மடக்கிக் குதிகாலை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்கால் மடங்கியிருந்தால் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகும். ஓடும்போது பெரும்பாரத்தைத் தாங்குகிற தசை அது. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

கடைசித் தவறை நானே செய்தேன். பத்து நாள் ஓய்வெடுத்தேன், வலி சுத்தமாக இல்லை. பதினோராம் நாள் பழையபடி ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலையில் படி இறங்க முடியவில்லை. அதன்பின் இரண்டு மாதம் போயிற்று. சும்மா இருக்கும்போது வலிக்கவில்லை என்பதை வைத்து எலும்பு ஆறிவிட்டது என்று முடிவு கட்டியதுதான் நான் செய்த பிழை. அழுத்திப் பார்த்தால் வலிக்கக் கூடாது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அன்றும் மறுநாள் காலையும் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தால் வலிக்கக் கூடாது. மூன்றும் சரியென்றால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். எட்டி எட்டி வைக்காமல் அடியைச் சற்றுக் குறுக்குங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 ஆக்கினாலே எலும்பின் மேல் விழும் சுமை குறையும். மறுநாள் காலையில் வலி எட்டிப் பார்த்தால் முந்தைய படிக்கே திரும்புங்கள். தூரம் பழைய அளவுக்கு வந்து நிலைத்த பிறகு வேகத்தைக் கூட்டலாம், மேட்டில் ஏறி ஓடுவதை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.